கோவிவன் என்ன சாதி?

ஆண்டுதோறும் தை பிறந்ததும் இளங்கலைத் தமிழ் மாணவர்களை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் செல்வது நம் வழக்கம். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியே பேருந்தில் சென்றால் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேலாகும். முதலில் நிற்குமிடம் எப்போதும் அந்தப் பெரும்பாறைச் சிற்பத்தின் முன்புதான். அருச்சுனன் தவம் என்பாரும் பகீரதன் தவம் என்பாருமாக அறிஞர் இரு பிரிவாக நிற்கும் அப்பாறையில், மாணவர்க்கு முதலில் பிடிப்பது தவசியல்ல, பூனைதான். கால்களைத் தூக்கித் தவம் செய்யும் அந்தப் பூனையையும், அதை நம்பி அருகே கூடியிருக்கும் எலிகளையும் கண்டு சிரிக்காத மாணவரை நாம் இதுவரை கண்டதில்லை. அதன்பின் யானைகள், மூக்கைக் காலால் சொறியும் மான், ஆமை, சிங்கங்கள் என்று கண் நகரும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாணவி கேட்டாள்: "ஐயா, இத்தனை விலங்கு இருக்கே, வேடன்கூட வில்லோட நிக்கிறான். நாய் எங்க ஐயா?"

நாம் பாறையை இடமிருந்து வலமாகவும் மேலிருந்து கீழாகவும் தேடினோம். நம் கண்ணுக்குப் படவில்லை. பக்கத்திலுள்ள கிருஷ்ண மண்டபத்தில் பசு கன்றை நக்குகிறது, ஆயர் பால் கறக்கிறார்; அங்கும் நாய் தென்படவில்லை. திரும்பிப் பார்த்தால், சிற்பத்தின் முன்னுள்ள மணலில் செம்பட்டை நிற நாயொன்று நீட்டிப் படுத்து உறங்கிக்கொண்டிருந்தது. பாறையில் இல்லாதது பாறையின் நிழலில் இருந்தது. மாணவர் எல்லோரும் சிரித்தார்கள். நாமும் சிரித்தோம். ஆனால் அக்கேள்வி நம்மை விடவில்லை. அதற்கு ஒரு சொந்தக் காரணமும் உண்டு. அதைப் பிறகு சொல்கிறோம்.

*

பல்லவர் நாயைக் கல்லில் செதுக்காதவர்கள் அல்லர். மாமல்லன் என்னும் பெயரால் இவ்வூருக்குப் பெயர் தந்த முதலாம் நரசிம்மவர்மனின் தந்தை மகேந்திரவர்மன். அவனது 34-ஆம் ஆட்சியாண்டில், அதாவது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் எழுந்த நடுகல் ஒன்று திருவண்ணாமலை மாவட்டத்து எடுத்தனூரில் உள்ளது. செங்கம் வட்டாரத்து நடுகற்களை இரா. நாகசாமி பதிப்பாசிரியராக இருந்து தமிழகத் தொல்லியல் துறை 1972-இல் வெளியிட்டபின் இக்கல் பலர் கவனத்துக்கு வந்தது. எருமைகளைக் காக்கும் பூசலில் இறந்த கருந்தேவகத்தி என்னும் வீரனுக்கு எடுத்த கல் அது. வீரன் நிற்கிறான், அவனருகே ஒரு நாயும் நிற்கிறது. கல்வெட்டு வீரனைப் பற்றிச் சொல்லி முடித்த பின், நாயைப் பற்றித் தனியே சொல்கிறது. அந்த நாயின் பெயர் கோவிவன். அது கள்ளர் இருவரைக் கடித்துத் தன் தலைவனருகே காத்து நின்றது என்பதே செய்தி.

ஒரு மன்னனின் ஆட்சியாண்டைச் சொல்லித் தொடங்கும் கல்வெட்டு ஒரு நாயின் பெயரைச் சொல்லி முடிகிறது. ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த எத்தனையோ குடிமக்களின் பெயர் நமக்குக் கிட்டவில்லை. கோவிவனின் பெயர் கிட்டியிருக்கிறது.

இதற்கு மூன்று நூற்றாண்டுகளுக்குப் பின் இன்னொரு கல். கர்நாடகத்தில் மண்டியா மாவட்டத்து ஆதகூரில் கிடைத்து, இன்று பெங்களூரு அரசு அருங்காட்சியகத்தில் இருப்பது. 949-இல் நம் தொண்டை மண்டலத்துத் தக்கோலத்தில் நடந்த போரில், சோழ இளவரசன் இராசாதித்தன் யானைமேலேயே உயிர் துறந்தான். இராட்டிரகூட மன்னன் மூன்றாம் கிருஷ்ணனுக்காகப் போரிட்டவன் கங்க நாட்டுப் பூதுகன். பூதுகனின் வீரன் மணலேரன். அவன் வீரத்துக்கு மகிழ்ந்து என்ன வேண்டும் என்று கேட்டபோது, மணலேரன் ஊரையோ பொன்னையோ கேட்கவில்லை. காளி என்னும் வேட்டை நாயைக் கேட்டான். அந்நாய் பின்னர் ஒரு பெரும் காட்டுப்பன்றியோடு பொருதது. பன்றியும் நாயும் ஒருசேர மாண்டன. காளிக்குக் கல் நாட்டி நிலமும் விட்டார்கள். சோழ வரலாற்றில் பெருந்தோல்வியாகப் பதிந்த ஒரு போரின் செய்தியைச் சுமந்து நிற்பது, ஒரு நாய்க்கு எடுத்த கல்.

பன்றியோடு பொருது மாண்ட நாய் என்றதும் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எகிப்தில், தாலமி மன்னனின் நிதியமைச்சரிடம் பணிபுரிந்த செனோன் என்னும் கிரேக்கர் ஒரு நாய் வளர்த்தார். அதன் பெயர் தௌரோன். காட்டுப்பன்றியிடமிருந்து தலைவனைக் காத்துத் தன்னுயிர் ஈந்த அந்நாய்க்கு எழுதப்பட்ட இரங்கற்பாக்கள் இரண்டு பாப்பிரசுத் தாளில் கிடைத்துள்ளன. அவை அந்நாயை இந்திய நாய் என்று குறிக்கின்றன. அதற்கும் முன்பு, பாபிலோனியாவை ஆண்ட பாரசீக ஆளுநரின் இந்திய நாய்களுக்கு உணவளிப்பதற்காகவே நான்கு ஊர்கள் பிற வரிகளிலிருந்து விடுவிக்கப்பட்டிருந்தன என்று எரோடோட்டசு எழுதினார். மிளகும் முத்தும் மட்டுமல்ல, நம் நிலத்து நாய்களும் உலகில் பெயர் பெற்றிருந்தன.

தமிழ் இலக்கணம் நாயை ஒதுக்கவில்லை. தொல்காப்பிய மரபியல் நாய், பன்றி, புலி, முயல் ஆகிய நான்கின் குட்டிக்கும் குருளை என்று ஒரே பெயர் தருகிறது. பெண் நாய்க்கும் பெண் பன்றிக்கும் பாட்டி என்று பெயர். ஞமலி என்பது பூழிநாட்டார் வழங்கிய திசைச்சொல் என்பது உரையாசிரியர் காட்டும் எடுத்துக்காட்டு. ஞாளி, சுணங்கன், குக்கல், எகினம் என்று நிகண்டுகள் அடுக்கும். யானை போன்றவரின் நட்பை விட்டு நாய் போன்றவரின் நட்பைக் கொள்க என்கிறது நாலடியார். பழகிய பாகனையே யானை கொல்லும், எறிந்த வேல் உடம்பில் இருக்கும்போதும் நாய் வாலைக் குழைக்கும் என்பது அது காட்டும் காரணம். மறுபுறம் மாணிக்கவாசகர் தம்மைத் தாழ்த்திக்கொள்ள விரும்பும்போதெல்லாம் தம்மை நாயாக்கிக் கொள்கிறார். சோமாசிமாற நாயனார் வரலாற்றில், சிவபெருமான் தாழ்த்தப்பட்டவர் கோலத்தில் வேள்விக்கு வந்தபோது நான்கு மறைகளும் நான்கு நாய்களாக உடன் வந்தன என்பது செவிவழிக் கதை. மேன்மையும் இழிவும் ஒரே விலங்கின்மேல் ஏற்றப்பட்டு, இரண்டும் பக்கம் பக்கமாகவே வாழ்ந்து வந்திருக்கின்றன.

இத்தனையிலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். கோவிவனுக்குப் பெயருண்டு, செயலுண்டு. இனம் என்ன என்று கல் சொல்லவில்லை. காளிக்கும் அப்படியே.

*

இனம் என்பது எப்போது நாயைப் பிடித்தது?

வேலைக்கேற்ப நாயைத் தேர்ந்து வளர்ப்பது மிகப் பழைய வழக்கம். ஓடுவது வேண்டுமாயின் ஓடும் நாய்க்கு ஓடும் நாயைச் சேர்ப்பார்கள். காவலுக்கு வேண்டுமாயின் குரைக்கும் நாயை. ஆனால் தாய் தந்தை பெயரைப் பதிவேட்டில் எழுதி, பதிவில் இல்லாததைப் புறத்தே நிறுத்தி, உருவத்துக்கு அளவுகோல் வகுத்து, மேடையில் நிறுத்திப் பரிசளிக்கும் முறை பத்தொன்பதாம் நூற்றாண்டு இங்கிலாந்தில் பிறந்தது. 1859-இல் நியூகாசில் நகரில் முறையான முதல் நாய்க் கண்காட்சி நடந்தது. 1873-இல் லண்டனில் கென்னல் கிளப் தோன்றியது. குதிரைக்கும் மாட்டுக்கும் வம்சாவளி எழுதிப் பழகிய நிலவுடைமைச் சமூகம், அதையே நாய்க்கும் எழுதியது. வேலைக்கு அளித்த மதிப்பு மெல்ல மெல்லத் தோற்றத்துக்குப் போயிற்று.

அம்முறை நம் நாட்டுக்கு வெள்ளையரோடு வந்தது. உதகையில் நரி வேட்டை நாய்களைக் கப்பலில் வரவழைத்துக் குள்ளநரிகளைத் துரத்தினார்கள். நம் தெருக்களில் திரிந்த நாயைக் கண்ட அவர்கள் அதற்கு ஒரு பெயரிட்டார்கள். தமிழ்நாட்டில் உழைத்து வாழ்ந்த ஒரு மக்கட் சமூகத்தின் பெயரை, பறையர் என்னும் பெயரைத் திரித்து, 'பரையா நாய்' என்று வழங்கினார்கள். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன சொற்களில் கட்டுமரமும் உண்டு, மிளகுதண்ணியும் உண்டு. அவற்றைப் பெருமையோடு வகுப்பில் சொல்லும் நாம் இச்சொல்லைச் சொல்லத் தயங்குகிறோம். தயங்கக் கூடாது. ஒதுக்கப்பட்ட மனிதர் என்பதற்கும் உரிமையாளர் இல்லாத நாய் என்பதற்கும் ஒரே சொல்லை ஓர் ஆட்சி பயன்படுத்தியது என்றால், அந்த ஒப்புமைக்கு வேண்டிய மனநிலையை ஆங்கிலேயர் கப்பலில் கொண்டுவரவில்லை; இங்கேயே கண்டெடுத்தார்கள். இன்று நாயியலாளர் பலர் அப்பெயரைக் கைவிட்டு இந்திய நாட்டு நாய் என்றே வழங்குகிறார்கள்.

நம் பேச்சு வழக்கோ இன்னும் மாறவில்லை. இனநாய்க்கு நாம் வைத்திருக்கும் சொல் 'சாதி நாய்'. "சாதி நாயா, தெரு நாயா?" என்று கேட்கிறோம். "கலப்பு" என்று சொல்லும்போது குரல் இறங்குகிறது. மனிதரிடத்தில் வாய்விட்டுக் கேட்கக் கூசும் கேள்வியை நாயிடத்தில் கூசாமல் கேட்டுவிடுகிறோம்.

*

தமிழகத்தின் புகழ்பெற்ற நாயினங்கள் எல்லாம் தெற்கே தோன்றியவை. தொண்டை மண்டலம் ஏரிகளும் நன்செய்யுமான நிலம். தெற்கே கரிசலோ கண்ணுக்கெட்டிய தூரம் வெறும் வெளி. அங்கே முயலைக் கண்டால் கண்ணால் கண்டு, காலால் துரத்திப் பிடிக்க வேண்டும். சிப்பிப்பாறையும் கன்னியும் அப்படிப்பட்ட நாய்கள்: ஒடுங்கிய முகம், ஆழ்ந்த மார்பு, உள்வாங்கிய வயிறு, நீண்ட கால். சிப்பிப்பாறை விருதுநகர் மாவட்டத்து ஊர்ப்பெயர். கன்னி என்பது பெரும்பாலும் கருப்பும் செம்பழுப்பும் கலந்த நாய். மணமகளுக்குச் சீராகக் கொடுத்ததால் அப்பெயர் வந்தது என்பார் உண்டு. வெளிர்நிறமானால் பால்கன்னி. தேனி மாவட்டத்துக் கோம்பை, மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்து ஊர். அங்கிருந்து வந்தது செந்நிற உடலும் கறுத்த முகமும் கொண்ட, பன்றி வேட்டைக்குப் பெயர்போன காவல் நாய். இராசபாளையமோ வெள்ளை வெளேரென்ற பெருநாய், இளஞ்சிவப்பு மூக்கு.

பாளையக்காரர் போரில் இராசபாளைய நாய்கள் குதிரைப்படைமேல் பாய்ந்தன என்ற கதையைக் கேட்காதவர் குறைவு. கதை நல்ல கதைதான். ஆனால் இந்நாய்களின் உண்மையான வரலாறு போர்க்களத்தில் அன்று, ஆட்டுப்பட்டியிலும் தோப்பிலும் புன்செய் வரப்பிலும் நடந்தது. அங்கே அவற்றை வளர்த்தவர்களுக்குப் பதிவேடு கிடையாது. ஈத்துக்கு ஈத்து எது ஓடியது, எது பிடித்தது, எது கூப்பிட்டால் வந்தது என்ற நினைவே பதிவேடு. நிறம் ஒன்றுக்கு ஒன்று மாறும். ஒரே ஈத்தில் சிப்பிப்பாறை என்று சொல்லத்தக்கதும் கன்னி என்று சொல்லத்தக்கதும் விழும். அதை யாரும் கலப்பு என்று கொள்ளவில்லை.

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வேட்டை குற்றமாயிற்று. அது வேண்டிய சட்டம். அதில் நமக்கு மாற்றுக்கருத்தில்லை. ஆனால் அத்தோடு வேட்டை நாயின் வேலை போயிற்று. வேலை போன நாய்க்கு எஞ்சியது உருவமும் பெயரும்தான். எது ஓடும் என்று கேட்பதற்கு மாறாக, எது அசல் என்று கேட்கத் தொடங்கினார்கள். இங்கிலாந்தில் நூறாண்டுக்கு முன் நடந்தது இங்கே நம் தலைமுறையில் நடந்தது.

*

இப்போது சொந்தக் கதை.

நமக்குத் திருமணமான புதிதில், 2006-இல், தெற்கத்தி நண்பர் ஒருவர் வழியாக ஒரு வெள்ளைக் குட்டி நம் வீட்டுக்கு வந்தது. முத்து என்று பெயரிட்டோம். விற்றவர் அதன் தாய் தந்தை பெருமையை அரைமணி நேரம் சொன்னார். புள்ளியில்லாத வெள்ளை என்று வயிற்றைத் திருப்பிக் காட்டினார். வேறு நிறத்தில் விழுந்த குட்டிகள் என்னவாயின என்று நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவ்வாண்டு தீபாவளியன்று தெருநாய்கள் எல்லாம் வெடிக்கு அஞ்சிச் சாக்கடைப் பாலத்தின் அடியில் பதுங்கின. முத்து மட்டும் திண்ணையில் நன்றாக உறங்கிற்று. சரவெடி பத்தடி தள்ளி வெடித்தபோதும் காது அசையவில்லை. "சாதி நாய்னா சாதி நாய்தான், பயமே இல்ல பாருங்க" என்றார் எதிர்வீட்டுக்காரர். நாமும் அதை நாலு பேரிடம் சொல்லிப் பெருமைப்பட்டோம். கல்லூரியில் கூடச் சொன்னோம்.

தடுப்பூசிக்கு அழைத்துச் சென்றபோது கால்நடை மருத்துவர் முத்துவின் பின்னால் நின்று கைதட்டினார். பிறகு எஃகுத் தட்டைக் கீழே போட்டார். முத்து எதிரே இருந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தது. "சார், இதுக்கு ரெண்டு காதும் கேக்காது" என்றார்.

அவர் சொல்லித்தான் காரணம் தெரிந்தது. நாயின் தோலுக்கு நிறம் தரும் நிறமிச் செல்கள் உட்செவியிலும் உண்டு. கேட்கும் நுண்ணுறுப்பு உயிரோடிருக்க அவை வேண்டும். மிகு வெண்மைக்காகத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தால், தோலில் மறையும் நிறமி சில குட்டிகளின் செவியிலும் மறையும். பிறந்த சில வாரங்களுக்குள் அச்செவி அவிந்துவிடும். நாம் துணிவு என்று கொண்டாடியது செவிட்டுத்தன்மை. விற்றவரிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர், "வெள்ளைல அப்படி ஒண்ணு ரெண்டு வரத்தான் செய்யும்" என்றார். அவருக்குத் தெரிந்தே இருந்தது.

முத்து நம்மோடு நான்கு ஆண்டுகள் இருந்தது. நாம் வீட்டுக்குள் வரும்போது தரையைக் காலால் தட்டுவோம். அந்த அதிர்வில் எழுந்து வாலாட்டும். ஒரு காலையில் பின்னோக்கி வந்த தண்ணீர் வண்டியின் ஒலி அதற்குக் கேட்கவில்லை. ஓட்டுநர் மீது பிழையில்லை. அவர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டேதான் வந்தார்.

பிறகு ஒரு நாள் படித்தபோது, இதே கதை கடல் கடந்தும் நடந்திருப்பதைக் கண்டோம். அர்ஜென்டினாவில் கோர்டோபா நகரத்து அந்தோனியோ நோரெஸ் மார்த்தினெஸ் என்பவர் 1920-களில் ஒரு புதிய வேட்டை நாயை உருவாக்கத் தொடங்கினார். அவ்வூரின் சண்டை நாயை அடிப்படையாகக் கொண்டு, பல இனங்களை அதனோடு கலந்து, காட்டுப்பன்றியை எதிர்க்கும் வெள்ளை நாயை வார்த்தெடுத்தார். அது டோகோ அர்ஜென்டினோ. 1973-இல் உலக நாய்க் கூட்டமைப்பு அதை இனமாக ஏற்றது. அடிப்படையாக இருந்த கோர்டோபா நாயோ அழிந்தே போயிற்று. பத்து இனங்களின் கலப்பில் பிறந்த நாய், பதிவேட்டில் ஏறியதும் கலப்புக்கு இடந்தராத தூய இனமாகிவிட்டது. அதிலும் வெண்மையே அடையாளம். அதிலும் செவிட்டுக் குட்டிகள் பிறக்கின்றன. கோர்டோபாவிலும் யாரேனும் ஒருவர் வெடிக்கு அஞ்சாத குட்டியைக் கண்டு பெருமைப்பட்டிருப்பார்.

*

எந்த நாயை மக்கள் விரும்புகிறார்கள் என்பதன் வரலாறு, பெரும்பாலும் நாயின் வரலாறே அன்று, மக்களின் வரலாறு. நம் இளமையில் நடுத்தர வீடுகளில் பொமரேனியன். அப்படி நாம் அழைத்தவற்றில் பல உண்மையில் இந்தியன் ஸ்பிட்ஸ். வசதியுள்ள வீடுகளில் அல்சேஷன். 2003-இல் ஹட்ச் கைப்பேசி நிறுவனத்தின் விளம்பரத்தில் ஒரு சிறுவன் பின்னே பக் நாயொன்று நடந்து சென்றது. அதன்பின் தெருவுக்கொரு பக் வந்தது. நாய் நாவைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் உடல்வெப்பத்தைத் தணிக்கிறது. மூக்கே இல்லாமல் வளர்த்த நாய் சித்திரை வெயிலில் என்ன செய்யும் என்று விளம்பரம் சொல்லவில்லை.

நாட்டு இனங்களைக் காக்கும் முயற்சியும் கூடவே நடந்தது. முன்பு செங்கல்பட்டு மாவட்டத்தின் தலைமையிடமாக இருந்த சைதாப்பேட்டையில், கால்நடைத் துறை 1980-களின் தொடக்கத்தில் நாய் இனப்பெருக்கப் பிரிவொன்றைத் தொடங்கியது. இராசபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை நாய்களைக் காப்பது நோக்கம். 2005-இல் அஞ்சல் துறை இந்திய நாய்களுக்கு நான்கு அஞ்சல்தலைகள் வெளியிட்டபோது இராசபாளையம் அவற்றுள் ஒன்று. ஆனால் சைதாப்பேட்டைப் பிரிவில் நாய்கள் வைக்கப்பட்டிருந்த நிலை பற்றி வழக்கு எழுந்து, 2016-இல் சென்னை உயர்நீதிமன்றம் அதனை மூட உத்தரவிட்டது. அடுத்த சில மாதங்களில் சல்லிக்கட்டுப் போராட்டம் வந்தது. நாட்டு மாட்டோடு நாட்டு நாயும் பேச்சில் ஏறியது. அதே 2017-இல் தியடோர் பாஸ்கரன் இந்திய நாய்களைப் பற்றிய தம் ஆங்கில நூலை வெளியிட்டார். நடுவணரசு அவ்வாண்டே நாய் இனப்பெருக்கத்துக்கும் விற்பனைக்கும் விதிகள் வகுத்தது. எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்பது அவற்றுள் ஒன்று. 2020-இல் தேசிய விலங்கு மரபியல் வள நிறுவனம் முதன்முறையாக நாயினங்களைப் பதிவு செய்தது. இராசபாளையமும் சிப்பிப்பாறையும் கர்நாடகத்து முதோலும் அப்பட்டியலில் ஏறின. அவ்வாண்டு ஆகஸ்டில் பிரதமர் தம் வானொலி உரையில் இவ்வினங்களின் பெயர்களைச் சொன்னார். விலை ஏறிற்று.

2024 மார்ச்சில் நடுவணரசு 23 வெளிநாட்டு இனங்கள் ஆபத்தானவை எனக் குறித்து மாநிலங்களுக்கு மடல் அனுப்பியது. அர்ஜென்டினாவின் டோகோவும் பிரேசிலின் பிலாவும் அதில் இருந்தன. சில வாரங்களிலேயே கர்நாடக உயர்நீதிமன்றம் அதனை ரத்து செய்தது. அதே ஆண்டில் தமிழக அரசு வெளியிட்ட நாய் இனப்பெருக்கக் கொள்கை, நம் வெயிலுக்கு ஒவ்வாத சில இனங்களை, சைபீரியன் அஸ்கி, செயின்ட் பெர்னார்ட், பக் முதலியவற்றை, இங்கே இனப்பெருக்கம் செய்வதற்குத் தடை சொன்னது. நல்லதே.

ஆனால் வெளிநாட்டு நாயை வெறுத்து நாட்டு நாயைப் போற்றுவதோடு கணக்கு முடிந்துவிடுமா? முத்துவைக் கொன்றது வெளிநாட்டு மோகம் அன்று. நம் மண்ணின் பெருமைதான். ஒரே நிறம், ஒரே வழி, ஒரே இரத்தம் என்று குறுக்கிக்கொண்டே போகும் ஆசை, இங்கிலாந்தில் செய்ததையே இராசபாளையத்திலும் செய்யும். நிறம் கலந்த குட்டியை ஏற்றுக்கொள்வதும், செவியைச் சோதித்து இணை சேர்ப்பதும், ஓட்டத்தையும் உடல்நலத்தையும் கண்டு தேர்வதும்தான் அந்த இனத்தைக் காக்கும். பழைய கரிசல்காட்டு ஆட்டுக்காரர் செய்ததும் அதுதான்.

*

தென்னமெரிக்காவிலேயே வேறொரு பாடமும் உண்டு. பெருநாட்டில் உடலில் மயிரே இல்லாத நாயொன்று உண்டு. இன்காக்களுக்கு முற்பட்ட மோச்சே மக்களின் மட்பாண்டங்களில் அதன் உருவம் இருக்கிறது. இசுபானியர் வந்தபின் இழிவாகக் கருதப்பட்டுத் தெருவுக்கு வந்த நாய் அது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரு அரசு அதனை நாட்டின் மரபுச் செல்வமாக அறிவித்தது. கடலோரத் தொல்லியல் இடங்களில் அந்நாயை இணையாக வைத்து வளர்க்கவும் ஏற்பாடு செய்தது. லிமா நகரத்துப் பழைய மண்கோபுரங்களின் நிழலில் இன்று அவை உலவுகின்றன.

நம் கடலோரத் தொல்லியல் இடத்திலும் நாய்கள் உலவுகின்றன. யாரும் ஏற்பாடு செய்யவில்லை. ஐந்து இரதங்களின் நிழலில் அவை படுக்கின்றன, மீனவர் வலையுதறும் இடத்தில் தின்கின்றன. கடலாமை முட்டைகளைத் தோண்டுவதும் அவைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. அவற்றுக்குக் கருத்தடையும் வெறிநாய்த் தடுப்பூசியும் வேண்டும், கல்லடி வேண்டாம்.

இதே கடற்கரையை ஒட்டி வாழும் இருளர்களில் இருவர், மாசி சடையனும் வடிவேல் கோபாலும், 2017-இல் அமெரிக்காவின் புளோரிடாவுக்கு மலைப்பாம்பு பிடிக்கச் சென்றார்கள். அங்கே பயிற்சி பெற்ற லாப்ரடார் நாய்களும் அதே பணியில் இருந்தன. பதிவேடு உள்ள நாய்களும், எந்த ஏட்டிலும் பதியாத அறிவுடைய இரு மனிதர்களும் ஒரே புதரில் பாம்பு தேடினார்கள். 2023-இல் அவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. சாதிப்பெயர் சொல்லித் தள்ளி வைத்த ஒரு சமூகத்தின் அறிவை உலகம் தேடி வந்து அழைத்த நாள் அது.

சென்ற தையில் மீண்டும் மாணவர்களோடு போனோம். அதே பாறை, அதே பூனை. முன்னே மணலில் ஒரு நாய். மாணவர் ஒருவர், "இது என்ன சாதி ஐயா?" என்று விளையாட்டாகக் கேட்டார். நாம் கோவிவன் கதையைச் சொன்னோம். கருந்தேவகத்தி யாருடைய ஆள், யாருடைய ஆட்சியில் இறந்தான் என்றெல்லாம் எழுதிய அந்தக் கல்வெட்டுக்காரர், நாய்க்கு வம்சம் எழுதவில்லை. பெயரை எழுதினார், அது செய்ததை எழுதினார். அதற்குமேல் எழுத வேண்டியது ஒன்றுமில்லை என்று அவர் எண்ணியிருக்க வேண்டும்.

இருளில் கள்ளர் வரும் காலடியைக் கேட்ட செவி கோவிவனுடையது. அது என்ன நிறம் என்று நமக்குத் தெரியாது.

பேச்சைக் கேட்டோ என்னவோ, மணலில் கிடந்த நாய் ஒரு காதை மட்டும் தூக்கி நம்மைப் பார்த்தது. பிறகு மறுபடி உறங்கிற்று.